இடது முன் சக்கரம்

"எத்தனை மைலுக்கு ஒருக்கா டயரை முன்னபின்ன இடம் மாத்திப் போடுவே?" என்று ஏட்டு கேட்டார்.

"மலையேறுற ஜீப்புங்கய்யா. ஆயிரம் மைலுக்கு ஒருக்கா மாத்தணும். இது ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருந்துச்சு" என்றான் மெக்கானிக் ராஜாராம். சொன்ன பிறகுதான், இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

டிரைவர் சின்னமுத்துவுக்குச் சுடுகாட்டில் பாலூற்றிக் காடாத்து முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. விசாரணை அவன் வீட்டு வாசலிலேயே நடந்தது. ஏலத்தோட்டத்து ஆட்களை இறக்கிக் கொண்டுவர வெறும் ஜீப்போடு போனவன், போடிமெட்டுக்கு ஏறுகிற வளைவில் இடது முன் சக்கரம் கழன்று பள்ளத்தில் விழுந்தான். ஜீப் எரிந்து கரிக்கட்டையாகிவிட்டது.

அதற்கு முந்தின சாயங்காலம் சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டியவன் ராஜாராம். அப்புறம் என்ன, ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"டயர் தேஞ்சதுக்கும் சக்கரம் கழண்டதுக்கும் என்னய்யா சம்பந்தம்? நட்டை முடுக்காம விட்டுட்டு மைல் கணக்குப் பேசுறான்" என்று பாய்ந்தான் திருப்பதி. சின்னமுத்துவின் மச்சினன். "எந்தங்கச்சி தாலிய அறுத்துட்டியேடா பாவி."

கம்பத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தலைமறைவாக இரு என்று ராஜாராமின் மனைவி கருப்பம்மாள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நேற்றெல்லாம் அழுதாள். அவன் கேட்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

ஏட்டு பேனாவைத் திறந்தார். "முடுக்கினது நிசந்தானா? ஜெயில் சமாச்சாரம்ப்பா. யோசிச்சுச் சொல்லு."

மூன்று நாளாக அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை. முன் சக்கரங்களைப் பின்னுக்கும், பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றினான். வலது பக்கத்து நட்டுகளை வலப்புறமாகத் திருகி முடுக்கினான். சண்டை முடிந்து பட்டாளம் கழித்துக்கட்டிய ஜீப் அது. இடது பக்கத்துச் சக்கரங்களுக்கு மட்டும் மரை எதிர்த்திசையில் வெட்டியிருக்கும், இடப்புறமாகத் திருகினால்தான் இறுகும். இந்தக் கோணங்கித்தனம் சின்னமுத்துவுக்கும் அவனுக்கும் அத்துப்படி. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தது காலுக்கே ஞாபகம் இருந்தது.

"ஒரு நட்டு விடாம முடுக்கினேன்யா. சக்கரம் மாத்துனா மறுநாள் ஒருக்கா முடுக்கிப் பாக்கணும். காலையில பாத்துட்டு வண்டிய எடுன்னு அவன்கிட்டயும் சொல்லிவிட்டேன்."

"செத்தவன் வந்து சாட்சி சொல்லுவானா?" என்றான் திருப்பதி.

உள்ளே சுவரில் சாய்ந்து கிடந்த சின்னமுத்துவின் மனைவி வேலுத்தாய் எழுந்து நிலைப்படிக்கு வந்தாள். மூன்று நாளில் ஆள் பாதியாகியிருந்தாள்.

"நீ சும்மா இருண்ணே. அவரு சொன்னது நெசந்தான். என் காதுபடத்தான் சொன்னாரு."

ராஜாராமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊரே கொலைகாரன் என்கிறது, புருஷனைப் பறிகொடுத்தவள் தனக்காகப் பேசுகிறாளே என்று கண் கலங்கிவிட்டது.

"அன்னைக்கு அவுகளுக்கு நேரமாயிருச்சு. 'வெரசாப் போகணும், நட்டெல்லாம் வந்து பாத்துக்கிறேன்'னுட்டுக் கஞ்சி குடிக்க உக்காந்தாக. எனக்கு மனசு கேக்கல. சீட்டுக்கடியில கெடந்த ஸ்பானரை எடுத்து நானே எல்லாத்தையும் முடுக்கிவிட்டேன். அவுகளுக்குத் தெரியாது."

ஏட்டு நிமிர்ந்தார். "உனக்கு எப்படிம்மா அதெல்லாம் தெரியும்?"

"இதுல என்னய்யா பெரிய வித்தை? இப்படித்தானே?" வேலுத்தாய் கையை நீட்டி வலப்புறமாகத் திருகிக் காட்டினாள். "வலது பக்கம் அசையவே இல்ல. இடது பக்கம் முன்சக்கரத்துலதான், காலால மிதிச்சதும் ஒவ்வொண்ணும் அரைச்சுத்து வந்துச்சு. நல்லவேளை பாத்தோம்னு நெனச்சேன்."

"கேட்டீகளா ஏட்டய்யா?" திருப்பதி துள்ளி எழுந்தான். "லூசாத்தான் இருந்திருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

இடது பக்கத்து நட்டுகளை அவள் முடுக்கவில்லை, தளர்த்திவிட்டிருக்கிறாள் என்று ராஜாராமுக்குப் புரிந்தது. எந்தப் பக்கம் திருகினால் அந்த நட்டு இறுகும் என்பதை ஏட்டிடம் சொன்னால் போதும், மத்தியானச் சோற்றுக்கு அவன் வீட்டுக்குப் போய்விடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அப்படி முடுக்கியும் அந்தச் சக்கரமே கழண்டு போச்சே" என்றாள் வேலுத்தாய். "என் கையிலதான் பலம் பத்தலையோ என்னமோ." உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்னும் நாற்பது வருஷத்துக்கு இவள் இந்தக் கையால்தானே சோறு அள்ளித் தின்ன வேண்டும் என்று ராஜாராம் நினைத்தான். பாழாய்ப்போன நினைப்பு, அது வந்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டான். ஏட்டு பேனாவோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் கையில குத்தமில்ல தாயி. யாரு முடுக்கியிருந்தாலும் அது நின்னுருக்காது" என்று அவளிடம் சொன்னான். பிறகு ஏட்டுப் பக்கம் திரும்பினான்.

"எழுதிக்கங்கய்யா. மரை தேஞ்ச நட்டு. தெரிஞ்சேதான் பூட்டுனேன்."