இணக்கி சொன்ன நன்றி

விண்டோஸில் வாழ்ந்து பழகிய பட்டம் என்ற கணினி விளையாட்டை ஒருநாள் லினக்ஸ் கணினியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கே ஓடாவிட்டால் அழித்துவிடுவார்கள் என்ற பயம் அதற்கு. வந்ததும் வராததுமாக, “நான் குடியிருக்க சி டிரைவ் எங்கே?” என்று கத்தியது.

லினக்ஸ் திருதிருவென்று விழித்தது. அதற்கு விண்டோஸ் பேச்சு ஒரு சொல்கூடப் புரியாது.

இரண்டு பேச்சும் தெரிந்த இணக்கி என்ற மென்பொருள் ஓடிவந்தது. “இதோ இருக்கு, வாங்கண்ணே” என்று ஒரு காலி ஃபோல்டருக்கு சி டிரைவ் என்று பெயர் வைத்துப் பட்டத்தைக் குடியேற்றியது. பட்டம் கேட்டதையெல்லாம் லினக்ஸின் பேச்சில் கேட்டு வாங்கிக் கொடுத்தது. திரையில் பட்டம் ஏறியது. ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை.

“காத்துச் சத்தம் இல்லாம என்ன பட்டம்? இந்த வீட்டுக்காரனுக்கு ஒண்ணுமே தெரியாதா?” என்று பட்டம் சீறியது.

“என்ன சொல்றான்?” என்று லினக்ஸ் கேட்டது.

இணக்கி தயங்கியது. உள்ளபடி சொன்னால், பாவம், பட்டத்துக்குக் கிடைத்த இடமும் போய்விடும்.

“இவ்வளவு செஞ்சதுக்கு உங்களுக்கு நன்றி சொல்றாருண்ணே. கொஞ்சம் சத்தமும் கிடைச்சா உயிர் வந்துடுமாம்.”

லினக்ஸின் முகம் மலர்ந்தது. “அடடா, அதுக்கென்ன!” என்று ஸ்பீக்கரைத் திறந்துவிட்டது. காற்று ஹோவென்று இரைந்தது. பட்டம் வாலை ஆட்டிக்கொண்டு உயர உயரப் போனது.

“அவசரப்பட்டுட்டேன் தம்பி,” என்றது பட்டம், வெட்கத்தோடு. “அவருக்கு என் நன்றியைச் சொல்லிடு.”

இணக்கி இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் நன்றியைச் சொன்னது.

“அதைத்தான் அப்பவே சொல்லிட்டானே! இன்னும் எத்தனை தடவை சொல்வான்?” என்று சிரித்தது லினக்ஸ்.