திருத்தப்படாத கடிதம்

"இந்தக் கடிதத்தையும் நீங்கதான் எழுதினீங்கன்னு உறுப்பினர் சொல்றாரும்மா. என்ன சொல்றீங்க?" என்று விசாரணைக் குழுத் தலைவர் தாளை நீட்டினார்.

பின்வரிசையில் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன விசாரணையிலும் இதே மண்டபம், இதே கேள்வி. அன்றைக்கு அக்கா வேலையைப் பறிகொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் கடிதங்களைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. மனிதர் மேடையில் வெளுத்துக் கட்டுவார். பேனாவைப் பிடித்தால் போச்சு. தகப்பனைப் பறிகொடுத்த ஒருவருக்கு, ‘தங்கள் தந்தையாரின் மறைவு மென்மேலும் சிறக்க வாழ்த்துகிறேன்’ என்று எழுதி அனுப்பி ஊரே சிரித்த பிறகுதான் அவளை வேலைக்கு வைத்தார்.

அன்று முதல் அவர் கிறுக்கித் தருவார், அக்கா திருத்தித் தட்டச்சு செய்வாள். வெளியூர் கிளம்பினால் லெட்டர்பேடில் நாலைந்து தாளில் கையெழுத்தை மட்டும் போட்டு அவள் மேசையில் வீசிவிட்டுப் போவார். அவசரம் என்றால் மேலே எதையாவது எழுதி அனுப்பிக்கொள்ள வேண்டியது அவள் பொறுப்பு.

மருத்துவமனைச் சாப்பாட்டு ஒப்பந்தத்தைத் தன் மச்சினனுக்கே தர வேண்டும் என்று ஒரு நாள் கிறுக்கித் தந்தார். இது தப்பாச்சே என்றாள் அக்கா. உன் வேலை எழுத்தைத் திருத்துவது, என்னைத் திருத்துவது இல்லை என்று வாயை அடைத்துவிட்டார்.

கடிதம் வெளியே கசிந்து விசாரணை வந்தபோது அவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"எனக்கு ஒரு வரி தப்பில்லாம எழுத வராதுன்னு ஊருக்கே தெரியும். இதுல ஒரு தப்பு காட்டுங்க, பார்ப்போம். இது என் எழுத்தே இல்லை. கையெழுத்து உட்பட எல்லாம் அந்தம்மா வேலை."

மண்டபமே சிரித்தது. சிரித்த வாயோடே குழு அக்காவைக் குற்றவாளி ஆக்கியது. மச்சினனிடம் கைநீட்டிக் காசு வாங்கியவள் என்று பேச்சு பரவ, வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. போன பேரை மீட்டுக்கொண்டுதான் மறுவேலை என்று மட்டும் சொன்னாள்.

இப்போது இரண்டாவது கடிதம், அதுவும் தட்டச்சு செய்ததுதான். பள்ளிக் கட்டட வேலையை அதே மச்சினனுக்குத் தரச் சொல்லி, கல்வி அதிகாரிக்குத் தபாலில் போயிருந்தது. மச்சினன் அந்த வேலைக்கு மனுப் போட்டிருந்ததும் உண்மை. கையெழுத்து உறுப்பினருடையதுதான் என்று இந்தத் தடவை சோதனைக்கூடமே சொல்லிவிட்டது.

அக்கா தாளை வாங்கிக்கொண்டாள். தங்கை அவசரமாகக் கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து எழுந்தாள். காலையில் பஸ்ஸின் பலகையைக்கூட இவள்தான் அக்காவுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா திரும்பிப் பார்த்து, வேண்டாம், உட்கார் என்று கையைக் காட்டினாள்.

"‘நான் கேட்டுக்கொள்கிறோம்’னு இருக்கு பாருங்க ஐயா" என்று ஒரு வரியில் விரலை வைத்தாள். "இங்க ‘மச்சினன் அவர்கள் நல்லவன்’. கடைசியில, ‘இந்த உதவியை மறந்தும் மறக்க மாட்டேன் என்று நினைக்க வேண்டாம்’. இப்படி ஒரு எழுத்தை நானா எழுதுவேன்னு நினைக்கறீங்க?"

பழகிப்போன தப்புகள், தடவிப் பார்த்தாலே தெரியும்போல என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உறுப்பினர் பக்கம் திரும்பினார். "தப்பில்லாம இருந்தா அது உங்க எழுத்தில்லைன்னு நீங்களே இங்க நின்னு சொன்னீங்க. இதுல தப்பைத் தவிர வேற ஒண்ணும் இல்லையே."

"ஐயா, சத்தியமா நான் எழுதலை. நான் வெறும் தாள்லதான் கையெழுத்து..."

"வெறும் தாள்லயா? அரசாங்க லெட்டர்பேடுல ஒண்ணும் எழுதாமலே கையெழுத்துப் போட்டு வைப்பீங்களா?" தலைவரின் பேனா எழுதத் தயாராக உயர்ந்தது.

அதை ஒப்புக்கொண்டாலும் பதவி போகும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை இறங்கி வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. உறுப்பினரின் பதவியைப் பறிக்கப் பரிந்துரை. முதல் கடிதமும் அவர் சொல்லித்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று, அக்காவுக்கு நீக்கிய நாளிலிருந்து சம்பளத்தோடு மீண்டும் வேலை. போன தடவை சிரித்த அதே ஆட்கள் இந்தத் தடவை அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா முதல் வேலையாகக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். படிக்கட்டில் பத்திரிகைக்காரர்கள் நடுவே திணறிக்கொண்டிருந்த அந்த மனிதரை நின்று நிதானமாகப் பார்த்தாள்.

தங்கைக்குத் தாங்கவில்லை. "பாவி, தானே எழுதித் தானே மாட்டிக்கிட்டான் பாருக்கா."

அக்கா கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"இத்தனை வருஷம் அந்தாளு தப்பைத் திருத்தினவ நான். அவனை மாதிரியே தப்பா எழுத எனக்குத் தெரியாதாடி?"