சர்வீஸுக்குப் போன சிறுநீரகம்

தினமும் தோசைக்கு முன்னால் சுடலைமணியும் அவர் மனைவி செண்பகவல்லியும் ஒருவருக்கொருவர் இன்சுலின் போட்டுவிடுவார்கள். இருவர் இடுப்பிலும் ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீரகப் பெட்டி ஒன்று குழாயில் மாட்டியிருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்வதோடு, வேலை முடிந்த இன்சுலினையும் அதுதான் உடைத்துப்போடும்.

இன்று வல்லியின் பெட்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. பெட்டி இல்லாத நாளில் பாதி மருந்துதான். பழக்கத்தில் சுடலைமணியின் கை முழு ஊசியையும் போட்டுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வல்லி சர்க்கரை இறங்கிச் சரிந்தாள். சீனித்தண்ணீர் கொடுத்தார், வாந்தியெடுத்தாள். கன்னத்துக்குள் தேனைத் தடவினார். சற்றுத் தெளிந்தவளின் தலை மறுபடி தொங்கியது. உடைக்க ஆளில்லாத இன்சுலின் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்தபாடில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார்.

"உங்க பெட்டி கழுவுற மருந்துல ஊறிக்கிட்டு இருக்குங்கய்யா. சாயங்காலந்தான் கிடைக்கும்."

"அதுக்குள்ள அவ செத்துருவாய்யா!"

"அவசரப்பட்டு வேற ஆள் பெட்டிய மட்டும் மாட்டிராதீங்க."

போன் கையிலிருந்து விழுந்தது. அந்த யோசனை அதுவரை அவருக்கு வரவே இல்லை.

"ஏட்டி வல்லி, கண்ணத் தொறட்டி!" என்று கத்திக்கொண்டே தன் பெட்டியைக் கழற்றி அவளுக்கு மாட்டினார்.

வல்லி கண் விழித்தபோது அவர் சுவரில் சாய்ந்து, சட்டை நனைய வேர்த்துக் கிடந்தார். மடியில் தேன் பாட்டில் காலியாக இருந்தது. அவள் கை அவர் இடுப்பைத் தடவியது. வெறும் குழாய்.

"காலைல நான் உங்களுக்கு முழு ஊசியும்லா போட்டேன்," என்றாள்.