இறால் எண்ணியவர்

ஜீப்பிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவரைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

டாக்டர் வீரராகவன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இறால் டாக்டர். பழவேற்காட்டு ஏரியில் எந்த மாதம் எந்த இறால் எவ்வளவு வருகிறது என்று புத்தகம் எழுதிப் பட்டம் வாங்கியவர். ஒன்பது வருஷத்தில் தொப்பை போட்டிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

எனக்குத் தெரியாமல் போகுமா? என் குடியைக் கெடுத்த முகம் அது.

யுனிவர்சிட்டியிலிருந்து எங்கள் குப்பத்தை ஆராய வந்திருக்கிறார்களாம். ஒருவர் ஏரித் தண்ணீரை சீசாவில் பிடித்து உப்பு பார்த்தார். ஒருவர் இரும்புக் கவை ஒன்றை வைத்து ஆண்பிள்ளைகளின் மண்டையை அளந்தார். கிரேஸ் என்ற பெண் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதைத் தொட்டாலும் அதற்கு நாங்கள் என்ன பேர் சொல்கிறோம் என்று கேட்டாள்.

மண்டைக்கும் உப்புக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. ஒருவர் வேலையை இன்னொருவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காவது ஆள் கல்கத்தாவிலிருந்து வந்த பெரிய புரொபசர். தமிழ் தெரியாது. இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் வரப்போகிறதாம். வீரராகவனை அதற்குத் தலைவராகப் போடலாமா என்று முடிவு செய்யத்தான் இவர் வந்திருக்கிறார் என்று ஜீப் டிரைவர் சொன்னார்.

வாடா வா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்துக்காக இறால் எண்ணியது என் வீட்டுக்காரர் ராஜவேலு. அறுபத்து நாலாம் வருஷம். தினம் ஒரு கூடை. ரகம் ரகமாகப் பிரித்து அவர் எண்ணிச் சொல்ல, ஐந்தாவது வரை படித்த நான் நோட்டில் எழுதுவேன். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து நோட்டை வாங்கிக்கொண்டு போவார்.

எங்கள் ஏரியில் தண்ணீருக்கு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன வீட்டார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்திருப்பார்கள். பாடு என்று அதற்குப் பேர். அடுத்தவர் முறையில் வலை போடுவதும் அவர் வீட்டுக்குள் புகுந்து திருடுவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

டாக்டருக்கு முகத்துவாரத்து இறால் அவசரமாக ஒரு கூடை வேண்டியிருந்தது. அன்று எங்கள் முறை இல்லை. ஆராய்ச்சிக்குத்தானே, பெரியவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். இவரும் நம்பி வலை போட்டார். பிடிபட்டார்.

பஞ்சாயத்தில் ராஜவேலு நடந்ததை நடந்தபடி சொன்னார். டாக்டரோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார். படித்தவர் சொல்லைத்தான் ஊர் நம்பியது. தலைவர் பச்சையப்பன் எங்கள் வீட்டுப் பேரைப் பாடு வரிசையிலிருந்து அடித்துவிட்டார். திருடன் என்றார்கள். போதாக்குறைக்குப் பொய்யன் என்றார்கள்.

ஏரியில் இறங்க முடியாதவர் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கட்டுகிற இடத்துக்குக் கூலிக்குப் போனார். சாரத்திலிருந்து விழுந்து செத்தார். தூக்குவதற்கு நாலு பேரைத் தேடி நான் வீடு வீடாக அலைந்தேன்.

மனசுக்குள் எத்தனையோ விதமாகப் பழி வாங்கியிருக்கிறேன். மீன் அரிகிற கத்தியோடு பொன்னேரியில் ரயிலேறுவதுகூட அதில் ஒன்று. இப்படி அந்த ஆளே ஜீப் ஏறி வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை.

கிரேஸ் மைக்கை என் பக்கம் நீட்டினாள். "சும்மா ஏதாவது பேசுங்கம்மா. விஷயம் முக்கியமில்ல, உங்க பேச்சுதான் எனக்கு வேணும்."

ஊரே சுற்றி நின்றது. பச்சையப்பனும் நின்றார். நான் பேசினேன்.

"இந்த சாரு புக்குக்கு எங்க ஊட்டுக்காருதான் எறா எண்ணிக் குடுத்தாரு. இன்னாத்த எண்ணாரு, ஏரிக்கே போவல. ஊட்லயே குந்திக்கினு வாய்க்கு வந்த நம்பர சொல்லுவாரு, நானும் எய்திக்கினே இருப்பேன். நோட்டுல இருக்கறது அத்தினியும் பொய்யி."

என்ன சொல்கிறாள் என்று புரொபசர் கேட்டார். கிரேஸ் இங்கிலீஷில் சொன்னாள். அவளுக்கு இறாலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் எதையும் விழுங்காமல் சொன்னாள். புரொபசர் மெல்லத் திரும்பி வீரராகவனைப் பார்த்தார்.

செத்துப்போன மனுஷனையே பொய்யனாக்கிவிட்டாளே என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நான் திரும்பவில்லை.

வீரராகவன் முகத்தில் ரத்தமே இல்லை. இப்போதுதான் என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயத்தைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. முதலில் புரொபசரிடம் இங்கிலீஷில் என்னவோ கெஞ்சினார். பிறகு ஊரைப் பார்த்துக் கத்தினார்.

"அபாண்டம்! ராஜவேலுவை எனக்குத் தெரியாதா? சத்தியமான மனுஷன். அவர் வாயில பொய்யே வராது!"

எனக்கும் தெரியும். ஓர் இறாலில் சந்தேகம் வந்தாலும் கூடையை மொத்தமாகக் கொட்டி, முதலிலிருந்து எண்ணுகிறவர் அவர்.

பச்சையப்பனை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். டேப் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அப்போ, அன்னிக்கு பஞ்சாயத்துல பொய் சொன்னது யாரு சார்?"

கிரேஸ் அதையும் இங்கிலீஷில் சொன்னாள்.