பதினைந்து மில்லிமீற்றர்

பள்ளிவாசல் பதினைந்து மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. மூன்றாவது நாளாகவும் அதே கணக்கு.

நதீரா குறிப்பேட்டை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்து பார்த்தாள். இலக்கம் மாறியிருக்கவில்லை.

கல்முனையில் அந்தத் தெருவுக்கு வடிகான் போடுவதற்காகத்தான் மட்டம் பார்க்கும் வேலை தொடங்கியது. பள்ளிவாசல் படியில் உயரக் குறியாக ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறது. எழுபது மீற்றர் தள்ளி, மதகின் விளிம்பில் இன்னொன்று. பழைய பதிவேட்டின்படி மதகுக் குமிழ், படிக் குமிழைவிட 320 மில்லிமீற்றர் உயரம். நதீராவுக்கு வந்தது 335. மதகு வளராது. ஆகவே படிதான் இறங்கியிருக்க வேண்டும்.

அளக்கும் முறை எளிமையானது. தெரு நடுவில் முக்காலி, அதன்மேல் நேர்மட்டமாகப் பார்க்கும் ஒரு தொலைநோக்கி. உதவியாளர் குமிழின்மேல் நீண்ட அலுமினியக் கோலை நிறுத்துவார்; கோலில் தெரியும் இலக்கத்தை எழுத வேண்டும். மற்றக் குமிழிலும் அப்படியே. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் உயர வித்தியாசம். தொலைநோக்கியில் கோலின் நடுத்துண்டு மட்டும்தான் தெரியும். அது போதும்.

கவனக்குறைவு ஒவ்வொரு தடவையும் வேறு இலக்கம் தரும், ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை என்றுதான் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாள்.

"என்ன புள்ள, இண்டைக்கும் அதேதானா?"

பொறியியலாளர் அப்துல் ஸமட், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார். பட்டம் முடித்து வந்த நதீராவின் ஆறு மாதப் பயிற்சிக்கு அவர்தான் பொறுப்பு.

"ஓம் சேர். பதினஞ்சு."

"கருவிய மாத்தச் சொன்னேனே?"

"நேத்தே மாத்திட்டன் சேர். புதுசிலயும் பதினஞ்சுதான்."

ஸமட் மினாராவை அண்ணாந்து பார்த்தார். அதைச் சுற்றிக் கட்டட வேலைக்குச் சாரம் கட்டியிருந்தது.

"நாளைக்கு அதுக்கு மேல்தட்டுக் கொங்கிறீட் போடப் போறாங்க. பள்ளி தாழுதெண்டா இண்டைக்கே நிருவாகத்துக்குச் சொல்லி நிப்பாட்டணும். தாழல்ல, ஒன்ட பிழைதானெண்டா பயிற்சிப் புத்தகத்தில என்ட கையெழுத்து விழாது. அஸர் தொழுகைக்கு முந்திச் சொல்லு. பிழை பள்ளியிலயா, ஒன்னிலயா?"

"பள்ளியப் போய் எப்பிடி சேர்..."

"மணலுக்கு மேல கட்டினா ஆர்ட கட்டடமெண்டாலும் தாழும் புள்ள."

அவர் போய்விட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் நதீராவால் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது. அது கிடைக்க வேண்டுமென்றால், பள்ளிவாசல் தாழ்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"அண்ணே, இன்னொருக்காப் பாப்பம்."

"நூறு தரம் பாத்தாலும் கோல் பொய் சொல்லாது மிஸ்," என்றார் சாமித்தம்பி.

இருபது வருடமாகக் கோல் பிடிப்பவர். கோலின் அடி தேய்ந்தால் அளவு பிழைத்துவிடும் என்று போன மாதம் ஸமட் ஏசியதிலிருந்து, அதைக் கைக்குழந்தை மாதிரித்தான் தூக்கித் திரிந்தார். தரையில் சாய்த்து வைப்பதுகூட இல்லை.

பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய்ப் படியில் கோலை நிறுத்தினார். கோல் அசையவில்லை. நதீரா இலக்கத்தை எழுதினாள்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மதகடிக்குப் போனார். அங்கே வரிசையாக நின்ற ஓட்டோக்கள் அவரை இடுப்புவரை மறைத்தன. மூன்று நாளும் காலையிலேயே அளந்திருந்தார்கள், உச்சிவெயிலில் அளப்பது இதுதான் முதல் தடவை. கோல் இப்படியும் அப்படியுமாக ஆடியது.

"ஆடாமப் புடிங்க அண்ணே!"

"தார் சுடுகுது மிஸ்! கெதியாப் பாருங்க!"

"அண்ணன் ஒத்தக்கால்ல தவம் செய்யிறாரு!" ஓட்டோக்கார றமீஸ் கத்தினான். "வரம் கெடைக்கும் மட்டும் அசைய மாட்டாரு!"

மற்ற ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள். நதீரா இலக்கத்தை எழுதிக் கழித்துப் பார்த்தாள்.

335.

பள்ளிவாசல் நிருவாகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியை மனதுக்குள் அமைத்துப் பார்த்தாள். 'அஸ்ஸலாமு அலைக்கும்' வரைக்கும் சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பேனையை மூடப்போனவள், மூடாமல் நிமிர்ந்தாள்.

செருப்புப் போட்டுக்கொண்டு போனவருக்குத் தார் ஏன் சுடுகிறது?

முக்காலியை அப்படியே விட்டுவிட்டு மதகடிக்கு நடந்தாள். ஓட்டோக்களுக்கு இடையால் நுழைந்து போனபோது, சாமித்தம்பி இன்னும் ஒரு காலைத் தூக்கியபடி கோலை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். நதீரா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கோலின் அடியில் குந்தி, அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள்.

பதினைந்து. ஒரு மில்லிமீற்றர் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"என்ன மிஸ், பிழை ஏதுமா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணே," என்றுவிட்டு ஸமட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

"சொல்லு புள்ள. பள்ளியா, நீயா?"

"ரெண்டும் இல்ல சேர். கோலிட அடி தேயப்படாதெண்டு அண்ணன ஏசினீங்கதானே?"

"ஓம், ஏசினன். அதுக்கென்ன இப்ப?"

"அவரு செருப்பக் கோலுக்குப் போடாமக் காலுக்குப் போட்டாச் சரி சேர்."