தூசி எண்ணும் மெஷின்

"அஞ்சலாட்சி, தொப்பிய கழட்டு."

கன்னியப்பன் சொன்னதும், உடை மாற்றும் அறையில் நின்றபடி கழற்றினாள். தலையில் பூ இல்லை. அவருக்குக் குழப்பம் கூடியது.

தட்டாஞ்சாவடியில் கண் சொட்டுமருந்து கம்பெனி. அவர் சூப்பர்வைசர். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் மருந்து நிரப்பும் அறை. கூரையிலிருந்து வடிகட்டிய காற்று இறங்கி, தூசி, கிருமி எல்லாவற்றையும் கீழே தள்ளி, சுவரோரச் சல்லடை வழியாக வெளியேற்றிவிடும். மிச்சத் தூசியை எண்ண ஒரு மெஷின். திங்கட்கிழமைதான் வந்தது. அன்றிலிருந்து, தூசி அதிகம் என்று சிவப்பு விளக்கு.

வடிகட்டியை மாற்றியாயிற்று. அஞ்சலாட்சியை விட்டுத் தரையை மூன்று தடவை துடைத்தாயிற்று. தினம் கோயிலுக்குப் போய், "தூசி கொண்டார்ற ஆளக் காட்டிக் குடுப்பா" என்று வேண்டியும் ஆயிற்று. வேண்ட வேண்ட எண்ணிக்கை ஏறியது.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. மூஞ்சில பவுடரா?"

"இல்ல சார்."

"மஞ்சள்?"

"எங்க வீட்டுல அது கொழம்புக்கே பத்தல சார்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

முதலாளி விஜயராகவன் உள்ளே வந்தார். "மூணு நாள் மருந்து குப்பைக்குப் போச்சு கன்னியப்பன். ஆள் யாருன்னு சொல்லுங்க. இல்லன்னா நாளையிலேருந்து நீங்க வரவேணாம்."

கன்னியப்பன் அவள் பக்கம் கை காட்டினார்.

"அஞ்சலாட்சி மேலதான் சார் சந்தேகம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா சார். பவுடர் போட்டிருந்தேன்."

"ஒரு வாரம் இந்தப் பக்கம் வராத." முதலாளி போய்விட்டார்.

கன்னியப்பன் அவள் பக்கம் திரும்பினார். "இப்பத்தான இல்லன்ன?"

மூடியிருந்த கையைத் திறந்தாள். பிரிந்துபோன காகிதப் பொட்டலம்.

"துடைக்கறப்ப மெஷினுக்கு அடியில கெடந்திச்சு. மேலேருந்து காத்து அடிச்சா பறக்காதா சார்? சொல்லத்தான் வந்தேன். நீங்க தொப்பிய கழட்டச் சொன்னீங்க."

மெஷின் நல்லபடியாக ஓட திங்கட்கிழமை அவரே வைத்த விபூதி. பிறகு தினமும் கோயிலிலிருந்து கொண்டுவந்த ஒரு சிட்டிகை. அதுவும் தூசிதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வெக்கறத நான் பாத்திருக்கேன் சார். எனக்கு ஒரு வாரத்தோட போச்சு. உங்களுக்கு வேலையே போயிருக்கும்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. சாமி காட்டிக் கொடுத்துவிட்டது. அவள்தான் காட்டிக் கொடுக்கவில்லை.