மூன்று மணி வரை தண்ணீரில்

“இஞ்சேருங்கோ, இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டேலாதோ?” என்று கேட்டாள் சுவர்ணா.

“இதைவிட மெதுவாப் போனால் போட் நிண்டிடும்,” என்றார் யோகராஜா, சுக்கானிலிருந்து கையை எடுக்காமல்.

லண்டன் கால்வாய்க் கரையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் அவர்களைச் சாவகாசமாக முந்திப் போனாள். சுவர்ணாவுக்கு அதுவும் போதவில்லை. மூன்று மணி வரை இந்த மனிதரைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும்.

மகள் ஜதுர்ஷிகாவுக்கு இன்று எழுத்து, கலியாணப் பதிவு. மூன்று மணிக்குக் கவுன்சில் மண்டபத்தில் அவளும் ஸ்ரீனிவாசும் கையெழுத்துப் போடுகிறார்கள். கிங்ஸ்பரி வீட்டிலிருந்துதான் அவள் சேலை உடுத்திப் புறப்பட வேண்டும். அந்த நேரம் அப்பா அங்கே இருக்கக் கூடாது.

மாப்பிள்ளைப் பெடியன் சென்னைக்காரன். அவன் பேச்சு எழுந்தாலே யோகராஜா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். போன கிழமை அவருடைய அக்கா, “எங்கட யாழ்ப்பாணத்து ஆக்களுக்குள்ள ஒரு பெடியன் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டபோது, மனம் ஒப்பாவிட்டாலும் அவர் முன்னால் “அதுதானே மச்சாள்” என்று சுவர்ணாவும் ஒத்து ஊதினாள். வேறென்ன செய்வது?

உங்கள் கலியாண நாளுக்குப் பரிசு என்று மகள்தான் இந்தப் படகை ஒரு நாளைக்கு எடுத்துத் தந்தாள். “அம்மா, மூண்டு மணி மட்டும் எப்பிடியாவது சமாளியுங்கோ” என்று தனியே கூப்பிட்டுச் சொன்னாள். பெற்ற பிள்ளையின் எழுத்துக்குப் போகாமல் இங்கே வாத்து எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று சுவர்ணாவுக்கு அழுகை வந்தது.

இவ்வளவு நீளமான படகை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. கால்வாய் அகலும் இடத்தில்தான் திருப்ப வேண்டும் என்று படகுக்காரன் காலையில் சொல்லியிருந்தான். அந்த இடம் தூரத்தில் தெரிந்தது. அங்கே திருப்பினால் ஒன்றரைக்கே வீட்டில் நிற்பார்கள். ஜதுர்ஷிகா அப்போதுதான் கொண்டைக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பாள்.

சுவர்ணா அவசரமாகச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். “புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் இருக்கு. சூட்டோட சாப்பிடுங்கோ.”

அவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். அகலமான இடம் மெல்லப் பின்னால் போனது.

“உதிலதானே திருப்பச் சொன்னவங்கள்?” என்றார், கை கழுவும்போது. “சரி விடும். அடுத்ததில பாப்பம்.”

புட்டைக் கண்டால் இந்த மனிதருக்கு உலகமே மறந்துபோகும் என்று சுவர்ணா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஆனால் அவர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. “என்னப்பா, மணியையே பாக்கிறியள்?”

“பழக்கம். என்ர போன் எங்க?”

“வீட்டில விட்டிட்டு வந்திட்டியள் போல.” அது சாப்பாட்டுப் பையின் அடியில், அவள் அணைத்து ஒளித்த இடத்தில் கிடந்தது.

மூன்று பத்துக்கு அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது. ‘அம்மா, முடிஞ்சுது.’ கூடவே ஒரு படம். அரக்குச் சேலையில் மகள் அவ்வளவு வடிவாக இருந்தாள். சுவர்ணா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் அழித்தாள்.

யோகராஜா படகைக் கரையில் அணைத்து இயந்திரத்தை நிறுத்தினார்.

“உம்மட போனை ஒருக்காத் தாரும். ஒரு கோல் எடுக்கவேணும்.”

இனி யாரோடு பேசினால்தான் என்ன? அவள் கொடுத்தாள். அவர் படகின் முன்பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வாயைக் கையால் மூடியபடி பேசினார். அசையாத தண்ணீரின் மேல் அந்தக் குசுகுசுப்பும் தெளிவாகவே கேட்டது.

“பிள்ளை, அப்பா கதைக்கிறன். எழுத்து முடிஞ்சுதோ? நீ ஒண்டுக்கும் பயப்பிடாத. நீ சொன்ன மாதிரியே கொம்மாவை இன்னும் போட்டிலதான் மறிச்சு வைச்சிருக்கிறன்.”